ஃபூசுவுக்கு வந்த கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கு நானும் அப்பாவும் நலம். கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் அனுப்பிவிடக்கூடியதைத் தாளில் எழுதித் தபாலில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. என் கையெழுத்து உனக்குத் தெரியும்; இதை வேறு எவரும் எழுதியிருக்க முடியாது என்பது உறையைப் பிரித்தவுடனேயே உனக்கு விளங்கிவிடும். முகவரியைத் தங்கையிடம் வாங்கினேன். அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

நீ தங்கைக்கு அனுப்பிய படங்களை அவள் எனக்குக் காட்டினாள். சுடுமண் வீரர்கள் வரிசை வரிசையாக நிற்கும் முதலாம் குழியின் கம்பித் தடுப்பருகே நீ நிற்கிறாய். மெலிந்திருக்கிறாய். 31 ஆண்டுகள் கரும்பலகையில் நான் எழுதி அழித்த ஊர்ப்பெயர்களுக்கு நடுவில் என் பிள்ளை வேலை பார்க்கிறான் என்று எண்ணும்போது மனம் நிறைகிறது. அந்தப் படத்தை எனக்கென்று ஒன்று அனுப்பவில்லையே என்பதும் கூடவே வந்து நிற்கிறது. சீனாவில், நீ இருக்கும் சியானில் குளிர் கடுமை என்று படித்தேன். வெளியே போகும்போது காதை மூடிக்கொள்.

நீ வந்து இறங்கிய விமான நிலையத்தின் பெயரிலேயே சியான்யாங் இருக்கிறதல்லவா, அந்தச் சியான்யாங்தான் சின் பேரரசின் தலைநகரம். 1974 மார்ச்சில் கிணறு வெட்டிய உழவர்களுக்குச் சுடுமண் வீரர்கள் அகப்பட்டது, அவர்கள் ஏறத்தாழ 8,000 பேர் என்று கணக்கிடுவது, பேரரசனின் கல்லறை மேடு இன்றுவரை தோண்டப்படாமல் இருப்பது, அந்த மேட்டு மண்ணில் பாதரசத்தின் அளவு மிகுதியாக இருப்பது, இவற்றையெல்லாம் வழிகாட்டி உனக்குச் சொல்லியிருப்பார். அவர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்றை எழுதவே நான் உட்கார்ந்தேன். அது ஒரு கடிதத்தைப் பற்றியது. வகுப்பில் அதைச் சொல்ல எனக்கு நேரம் கிடைத்ததே இல்லை. பெருஞ்சுவரையும் எடை, அளவைகளையும் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

அந்தக் கல்லறைக்குரிய பேரரசன் யிங் ஜெங் 13 வயதில் சின் நாட்டின் அரசனானான். கி.மு. 230 இல் ஹான் நாட்டை வென்றதில் தொடங்கி, ஜாவ், வெய், சூ, யான் என்று ஒவ்வொன்றாக விழுங்கி, கி.மு. 221 இல் சீ நாட்டையும் பிடித்து ஆறு நாடுகளையும் ஒன்றாக்கினான். தன்னை முதற்பேரரசன் என்று அழைத்துக்கொண்டான். தனக்குப் பின் வருபவர்கள் இரண்டாமவர், மூன்றாமவர் என்று பதினாயிரம் தலைமுறைக்கு எண்ணப்பட வேண்டும் என்றான். நாட்டை 36 மாவட்டங்களாகப் பிரித்தான். எழுத்து, எடைக்கல், முகத்தலளவை, வட்டத்தில் சதுரத் துளையிட்ட காசு, வண்டி அச்சின் அகலம் எல்லாம் ஒன்றாயின. இவற்றையெல்லாம்விட முக்கியமானது, அவன் முத்திரையிட்ட ஓர் ஆணை எல்லைக் காவல்வரை ஒரு சொல் குறையாமல் போய்ச்சேரும், போனால் நிறைவேறும் என்பதுதான். அந்தப் பழக்கம் அவனுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அந்த நாட்டில் ஊன்றப்பட்டது. ஷாங் யாங் என்ற அமைச்சர் தம் சட்டங்களை அறிவிப்பதற்கு முன், ஒரு மரக்கம்பத்தைச் சந்தையின் தெற்கு வாயிலில் நட்டு, இதை வடக்கு வாயிலுக்குக் கொண்டுபோய் வைப்பவருக்குப் பத்துப் பொன் தருவதாகச் சொன்னார். எவரும் நம்பவில்லை. ஐம்பது பொன் என்று உயர்த்தினார். ஒருவன் தூக்கிச் சென்று வைத்தான், சொன்னபடி ஐம்பதும் பெற்றான். அரசாங்கத்தின் சொல் என்றால் அது அப்படியே நடக்கும் என்று மக்கள் கற்றுக்கொண்டார்கள். நல்ல சொல்லுக்கும் கொடிய சொல்லுக்கும் அது ஒரேபோல் பொருந்தியது.

பேரரசனின் மூத்த மகன் ஃபூசு. கி.மு. 213 இல் நூல்களை எரிக்க ஆணை பிறந்தது. அடுத்த ஆண்டு தலைநகரில் 460க்கும் மேற்பட்ட அறிஞர்கள் கொன்று புதைக்கப்பட்டார்கள். அப்போது வாய் திறந்தவன் ஃபூசு. நாடு இப்போதுதான் அமைதி கண்டிருக்கிறது, தொலைவில் உள்ள மக்கள் இன்னும் மனம் ஒன்றவில்லை, கன்பூசியஸின் வழியை ஓதுகிறவர்களைக் கடுஞ்சட்டத்தால் ஒடுக்கினால் அமைதி குலைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்று தந்தையிடமே சொன்னான். தந்தைக்குக் கோபம் வந்தது. வடக்கே ஷாங் மாவட்டத்தில் 3,00,000 வீரர்களோடு எல்லையைக் காத்துக்கொண்டிருந்த மெங் தியான் என்ற தளபதியின் படையை மேற்பார்வையிடு என்று அவனை அனுப்பிவிட்டான்.

தங்கையின் படிப்பை நிறுத்தக்கூடாது என்று நீ கூடத்தில் நின்று அப்பாவிடம் பேசிய இரவை நான் மறக்கவில்லை. நீ சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அவள் படித்து முடித்தாள். அதற்கு நீதான் காரணம் என்று அவளுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். நீ குரலை உயர்த்தியது மட்டும்தான் எனக்கு வருத்தம். அதையும் இப்போது சொல்லியிருக்க வேண்டாம்.

ஷாங் மாவட்டம் இருந்த பகுதி உன் ஊருக்கு வடக்கே, அதே ஷான்சி மாகாணத்தில்தான் இருக்கிறது. ஸுய்தே என்ற ஊரில் ஃபூசுவின் சமாதி என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். மெங் தியானுக்கும் அங்கே சமாதி உண்டு. விடுமுறை கிடைத்தால் போய்ப் பார். போகும் வழியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போ. எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை கேட்டுக்கொள்.

பேரரசர்களின் கடிதங்களுக்கு முன் சாதாரணப் பிள்ளைகளின் கடிதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹூபேய் மாகாணத்து ஷுய்ஹூதி என்னுமிடத்தில், 1970களின் நடுவில், சின் காலத்துக் கல்லறை ஒன்றிலிருந்து மரப்பலகையில் மையால் எழுதிய இரண்டு கடிதங்கள் கிடைத்தன. கி.மு. 223 அளவில் சூ நாட்டுப் போருக்குப் போயிருந்த ஹெய்ஃபூ, ஜிங் என்ற சகோதரர்கள், வீட்டிலிருந்த அண்ணன் ஜோங்குக்கு எழுதியவை அவை. முதலில் அம்மா நலமா என்று கேட்கிறார்கள். பிறகு ஹெய்ஃபூ, ஊரில் துணி மலிவாக இருந்தால் அம்மா தைத்துப் பணத்தோடு சேர்த்து அனுப்பட்டும், விலை அதிகமாக இருந்தால் பணம் மட்டும் போதும், இங்கேயே துணி வாங்கித் தைத்துக்கொள்கிறேன் என்கிறான். ஜிங்குக்கு 500, 600 காசும், 25 சீன அடிக்குக் குறையாத நல்ல துணியும் வேண்டும். ஒருவரிடம் கடன் வாங்கிவிட்டேன், வீட்டிலிருந்து அனுப்பாவிட்டால் செத்தேன், அவசரம், அவசரம், அவசரம் என்று மும்முறை எழுதியிருக்கிறான். 2,200 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த அவசரத்தைப் படித்தபோது எனக்கு அந்தத் தாய்மீது பொறாமை வந்தது. முதல் சம்பளம் வாங்கிய நாளிலிருந்து நீ எங்களிடம் ஒரு ரூபாய் கேட்டதில்லை. தங்கையின் கணக்கு வழியாக வீட்டுக்கு மாதந்தோறும் அனுப்பிக்கொண்டும் இருக்கிறாய். உன்னைப் போன்ற பிள்ளை எவருக்கு வாய்க்கும் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஒரு சட்டைத்துணியாவது கேட்டு எழுதமாட்டாயா என்றும் இருக்கிறது.

கி.மு. 210 இல் பேரரசன் தன் ஐந்தாவது சுற்றுப்பயணத்தில் இருந்தான். உடன் சென்றவர்கள் தலைமை அமைச்சர் லி சி, முத்திரையையும் ஆணைகளையும் கவனித்த ஜாவ் காவ், இளைய மகன் ஹூஹாய். வழியில் நோய் முற்றியது. சாவைப் பற்றிப் பேசுவதையே வெறுத்த மனிதன், அது வந்துவிட்டது என்று உணர்ந்தபோது எழுதச் சொன்னது ஃபூசுவுக்குத்தான். படையை மெங் தியானிடம் ஒப்படைத்துவிட்டுச் சியான்யாங்குக்கு வா, என் இறுதிச் சடங்கில் சேர்ந்துகொள், என்னை அடக்கம் செய் என்பதே அதன் சாரம். தொலைவுக்கு அனுப்பிய மகனைக் கடைசியில் அவன் வா என்றுதான் அழைத்தான். கடிதம் மூடி முத்திரையிடப்பட்டது, ஆனால் தூதன் கையில் கொடுக்கப்படவில்லை. ஜாவ் காவின் அறையிலேயே இருந்தது. ஷாச்சியூ என்ற இடத்தில் பேரரசன் இறந்தான்.

அதன்பிறகு நடந்ததை, ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின் சிமா சியான் என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார். மரணம் மறைக்கப்பட்டது. உடல் இருந்த மூடிய வண்டிக்கு வேளாவேளைக்கு உணவு போயிற்று, அதிகாரிகள் வண்டியின் முன் நின்று அறிக்கை படித்தார்கள், உள்ளிருந்த பணியாள் ஆணை தருவதுபோல் பதில் சொன்னான். கோடைக்காலமானதால் உடலின் நாற்றம் வெளிவந்தது. அதை மறைக்க வண்டிகளில் உப்பு மீனை ஏற்றினார்கள். இதற்கிடையில் ஜாவ் காவ், ஃபூசு பட்டத்துக்கு வந்தால் மெங் தியான்தான் தலைமை அமைச்சர், உன் குடும்பம் என்ன ஆகும் என்று லி சியிடம் எடுத்துச் சொன்னான். லி சி முதலில் மறுத்தார். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்துக் கண்ணீர் விட்டு, ஒப்புக்கொண்டார். அழுதுகொண்டே ஒப்புக்கொண்டவரைத்தான், இந்தக் கதையில் வரும் அத்தனை பேரிலும், நான் அதிகம் நினைக்கிறேன்.

பழைய கடிதம் அழிக்கப்பட்டுப் புதியது எழுதப்பட்டது. எல்லையில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் நீ ஒன்றும் சாதிக்கவில்லை, அடிக்கடி எழுதி என்னைக் குறை கூறினாய், திரும்பி வந்து பட்டத்திளவரசனாக முடியவில்லை என்று மனத்துக்குள் புழுங்குகிறாய், நீ நல்ல மகன் இல்லை, இந்த வாளால் உயிரை விடு என்று அது சொன்னது. இதைக் கூர்ந்து பார், தம்பி. ஃபூசு தந்தையைக் குறை சொன்னது உண்மை. தந்தை கோபப்பட்டது உண்மை. அந்த உண்மைகளை எடுத்துத்தான் பொய் நெய்யப்பட்டது. ஆகவே அது தந்தையின் குரலாகவே அவனுக்குக் கேட்டது. படித்துவிட்டு அழுதான், உள்ளறைக்குச் சென்றான். மெங் தியான் தடுத்தார். இது பெரும் பொறுப்பான பதவி, யாரோ ஒரு தூதன் வந்தான் என்றதும் உயிரை விடுவதா, இது சூழ்ச்சியாக இருக்காது என்று எப்படித் தெரியும், மறுபடி ஒருமுறை கேளுங்கள், கேட்ட பிறகு சாவதானாலும் நேரம் கடந்துவிடாது என்றார். தந்தை மகனைச் சாகச் சொன்னால் அதில் மறுபடி கேட்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஃபூசு மாண்டான். மெங் தியான் மறுத்து நின்றார். சிறையில் அடைக்கப்பட்டு, பின்னர் நஞ்சருந்த நேர்ந்தது.

3,00,000 வீரர்கள் சூழ நின்றவன் ஏன் ஒரு கேள்வி கேட்கவில்லை? சொங் காலத்துக் கவிஞரும் அறிஞருமான சு ஷி இதற்கு விடை எழுதியிருக்கிறார். ஷாங் யாங் காலம் தொட்டு ஆணை என்றால் ஆணைதான் என்று பழகிய நாட்டில், மறுபடி கேட்கும் துணிவு மகனுக்கு இராது என்பதை லி சி நன்கு அறிந்திருந்தார் என்கிறார். பேரரசன் தன் கடுமையால் கட்டிய ஒழுங்கே அவன் மகனைக் கொன்றது. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. நம் வீட்டிலும் அப்பா ஒன்றைச் சொல்லிவிட்டால் இரண்டாம் முறை கேட்கும் வழக்கம் கிடையாது. நீங்கள் இருவரும் சிறு பிள்ளைகளாக இருந்தபோது, அப்பா சொல்லிவிட்டார், இனிப் பேச்சில்லை என்று உங்கள் வாயை அடைத்தவள் நான்தான். பல சமயம் அவர் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார்.

ஹூஹாய் பட்டமேறித் தன் உடன்பிறந்தவர்களையே கொன்றான். சியான்யாங் சந்தையில் 12 இளவரசர்கள் மாண்டார்கள், 10 இளவரசிகளும் தப்பவில்லை. அடுத்த ஆண்டு, கி.மு. 209 இல், எல்லைக் காவலுக்குப் போய்க்கொண்டிருந்த 900 பேர் மழையில் சிக்கினார்கள். குறித்த நாளில் போய்ச்சேராவிட்டால் மரண தண்டனை என்ற நிலையில், சென் ஷெங், வூ குவாங் என்ற இருவர் கலகத்தை எழுப்பினார்கள். அவர்கள் யார் பெயரை முன்வைத்தார்கள் தெரியுமா? ஃபூசுவின் பெயரை. அவன் இறந்தது மக்களில் பலருக்குத் தெரியாது. நல்லவன் எங்கோ உயிரோடு இருக்கிறான், வருவான் என்று காத்திருந்தார்கள். பதினாயிரம் தலைமுறைக்கு என்று தொடங்கிய பேரரசு பதினைந்தே ஆண்டுகளில் முடிந்தது.

இதில் ஒரு மறுப்பும் உண்டு. ஆசிரியையாக இருந்தவள் அதை மறைக்கக்கூடாது. பீக்கிங் பல்கலைக்கழகத்துக்கு 2009 இல் கிடைத்த, சின்னுக்குப் பின் வந்த ஹான் பேரரசுக் காலத்து மூங்கில் சுவடிகளில் ஒன்று, ஹூஹாயை வாரிசாக்கப் பேரரசனே சம்மதித்தான் என்கிறது. நோயாளியின் படுக்கையருகே என்ன பேசப்பட்டது என்பதில் இப்படி இரண்டு கூற்றுகள் இருக்கின்றன. நம் வீட்டில் நடந்ததற்கு இரண்டாம் கூற்று கிடையாது. அறிந்தவள் நான் ஒருத்திதான், இத்தனை பக்கங்கள் எழுதியும் அதைச் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

போன ஆண்டு ஆவணியில், தங்கையின் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு, அப்பாவின் எண்ணிலிருந்து உனக்கு ஒரு செய்தி வந்ததல்லவா, "நீ வர வேண்டாம். இங்கே உனக்கு வேலை இல்லை." என்று. அதை அப்பா அனுப்பவில்லை. நான் அனுப்பினேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார், கைப்பேசி சாமி அறை மாடத்தில் இருந்தது. அவர் எழுதுவதுபோலவே கண்ணா, தம்பி என்ற அழைப்பு எதுவும் இல்லாமல், இரண்டு வாக்கியமாக, இரண்டின் முடிவிலும் புள்ளி வைத்து எழுதினேன். "சரி அப்பா" என்று உன் பதில் வந்தது. இரண்டையும் அழித்தேன்.

அதற்கு முந்தைய இரவு அப்பா என்னிடம் சொன்னது வேறு. "அவனை இரண்டு நாள் முன்னாலேயே வரச் சொல். அண்ணன்தான் பொரி இட வேண்டும்" என்றார். அதைச் சொல்வதற்கு அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பது எனக்குத் தெரியும். விளக்கை அணைத்த பிறகுதான் சொன்னார். நான் அதை உனக்குச் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் நீங்கள் இருவரும் மறுபடி வார்த்தை வளர்த்துவிடுவீர்களோ, தங்கையின் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் அந்த நாட்களில் என்னைத் தூங்க விடவில்லை. கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நானும் அழுதுகொண்டேதான் அனுப்பினேன். அழுததால் அது வேறொன்றாகிவிடாது.

முகூர்த்தம் வரை அப்பா மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா மகன் பொரி இட்டான். வந்தவர்கள் எல்லாரும் உன்னைத்தான் கேட்டார்கள். விடுமுறை கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். உனக்கென்று அவர் கடைக்குப் போய் எடுத்த பட்டு வேட்டி மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது. நீ வேண்டுமென்றே வரவில்லை என்று அவர் நினைக்கிறார்; அவர் வர வேண்டாம் என்றார் என்று நீ நினைக்கிறாய். அடுத்த மாதமே நீ சீனாவுக்குப் போக ஒப்புக்கொண்டாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்து, ஒவ்வொரு நாளும் வண்டியில் மீனை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

லி சியின் முடிவை எழுத விட்டுவிட்டேன். இரண்டே ஆண்டுகளில் ஜாவ் காவ் அவர்மீது பழி சுமத்தினான். கி.மு. 208 இல் சியான்யாங் சந்தையில் இடுப்பில் வெட்டிக் கொல்ல அவரைக் கொண்டுபோனபோது, உடன் நடந்த இரண்டாம் மகனைத் திரும்பிப் பார்த்து, உன்னோடு மறுபடி நம் மஞ்சள் நாயைக் கூட்டிக்கொண்டு நம் ஊரான ஷாங்சாயின் கிழக்கு வாயில் வழியாக முயல் பிடிக்கப் போக ஆசைப்படுகிறேன், இனி அது முடியுமா என்றார். தந்தையும் மகனும் சேர்ந்து அழுதார்கள். இந்த இடத்தைப் படித்த இரவுதான் உனக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அந்தப் பேரரசன் தன் தாயின்மீது சினந்து அவளை யோங் நகரத்துக்கு அனுப்பியதும், மறு ஆண்டே ஒருவர் எடுத்துச் சொல்லத் திரும்ப அழைத்துக்கொண்டதும் எனக்கு நினைவு வருகிறது. அதை உனக்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நீ என்னை எவ்வளவு காலம் ஒதுக்கி வைத்தாலும் அது உன் உரிமை.

நாளைக் காலையில் இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். இது உன் கைக்கு வரும்போது அவருக்குத் தெரிந்திருக்கும். காலை ஆறு மணிக்கு அவர் காப்பியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார், உனக்கு அப்போது எட்டரை. என்னோடு பேச வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு என்னை வர வேண்டாம் என்று சொன்னீர்களா என்று அவரிடமே கேள். எண் மாறவில்லை. கண்ணில் இன்னும் சொட்டு மருந்து விடுகிறோம், சின்ன எழுத்துகளை அவரால் படிக்க முடியவில்லை. ஆகையால் செய்தி அனுப்பாதே, கூப்பிடு.

இப்படிக்கு,
அம்மா